எண்ணிக்கையும் வரிசையும்: தொடக்கத் திருச்சபை அறிஞர்கள் விவிலிய நூல்களை அடுக்கிய விதம்



கி.பி. 170ஆம் ஆண்டு வாக்கில் சின்ன ஆசியாவில் ஒனேசிமு என்பவர் சர்தை நகரத்து ஆயர் மெலித்தோவிடம் இரண்டு கேள்விகள் கேட்டார். பழைய நூல்கள் எத்தனை? அவை எந்த வரிசையில் நிற்கின்றன? ஊரில் இருந்தபடியே பதில் சொல்ல மெலித்தோவுக்கு மனம் வரவில்லை. அந்த நிகழ்ச்சிகள் நடந்த கீழ்த்திசை நாட்டுக்கே போய் விசாரித்தறிந்து, ஒரு பட்டியலை எழுதி அனுப்பினார். செசரியாவின் ஆயர் யூசேபியஸ் தமது திருச்சபை வரலாற்றில் அதைப் படியெடுத்து வைத்ததால் இன்று அது நமக்குக் கிடைக்கிறது. கிறிஸ்தவர் ஒருவர் எழுதிய பழைய ஏற்பாட்டுப் பட்டியல்களில் நம் கைக்கு வந்தவற்றுள் அதுவே பழையது.

ஒனேசிமு கேட்ட முதல் கேள்வியைப் பற்றி உலகில் ஏராளமாக எழுதியிருக்கிறார்கள். எந்த நூல் உள்ளே, எந்த நூல் வெளியே என்பது சண்டைக்குரிய செய்தி. ஆகவே அதற்குக் கவனம் கிடைத்தது. இரண்டாம் கேள்வி ஓரமாகவே நின்றுவிட்டது. இன்று அந்த இரண்டாம் கேள்வியை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முதல் ஐந்நூறு ஆண்டுகளின் அறிஞர்கள் எண்ணிக்கையில் கறாராக இருந்தார்கள். வரிசையில் தாராளமாக இருந்தார்கள். வரிசை என்பது அவர்களுக்குப் படிக்கும் முறை, கற்பிக்கும் முறை. அதை வேதத்தின் பகுதியாக அவர்கள் கருதவில்லை.

சுருளிலிருந்து புத்தகத்துக்கு

நூல்கள் தனித்தனிச் சுருள்களாக இருந்த காலத்தில் வரிசை என்பது பட்டியலில் மட்டுமே இருந்தது. பெட்டியில் பத்துச் சுருள்கள் கிடந்தால் எது முன், எது பின் என்ற கேள்விக்கு அவ்வளவாகப் பொருள் இல்லை. கிறிஸ்தவர்கள் மிக முன்னதாகவே சுருளைக் கைவிட்டு, தாள்களை மடித்துத் தைக்கும் புத்தக வடிவத்துக்கு மாறினார்கள். தைத்த பிறகு ஏதாவது ஒரு நூல் முன்னால் இருந்தாக வேண்டும், இன்னொன்று அடுத்ததாக வந்தாக வேண்டும். அதுவரை பட்டியல் போடுபவர் மட்டும் சந்தித்த கேள்வி, இப்போது படியெடுப்பவர் மேசைக்கும் வந்துவிட்டது.

ஆனாலும் விவிலியம் முழுவதையும் ஒரே கட்டில் அடக்குவது அரிதாகவே நடந்தது. நற்செய்திகள் ஒரு புத்தகம், பவுலின் கடிதங்கள் இன்னொன்று, சங்கீதங்கள் வேறொன்று என்றுதான் பெரும்பாலும் புழங்கின. பேரரசர் கான்ஸ்டன்டைன் தம் புதிய தலைநகரின் ஆலயங்களுக்காக 50 பிரதிகள் எழுதித் தரும்படி யூசேபியஸுக்குக் கடிதம் அனுப்பினார். யூசேபியஸ் அக்கடிதத்தைப் பதிவு செய்திருக்கிறார். நூல்களை எந்த வரிசையில் எழுதுவித்தார் என்று குறிப்பிடவில்லை. குறிப்பிடத் தக்க செய்தியாக அவருக்கு அது படவில்லை போலும்.

22 எழுத்து, 22 நூல்

எபிரெய எழுத்துகள் 22. யூத வரலாற்றாசிரியர் யோசேபஸ் தம் மக்களின் வேதநூல்கள் 22 என்றார். ஒரிகனும் அதே எண்ணைச் சொல்லி, அது எழுத்துகளின் எண்ணிக்கையோடு ஒத்திருப்பதைச் சுட்டினார். எருசலேமின் சிரில், அலெக்சாந்திரியாவின் அத்தனாசியஸ் ஆகியோரும் 22 என்றே எண்ணினார்கள். ஒரு குழந்தை எழுத்துகளைக் கற்றே படிப்பில் நுழைவதுபோல இந்த 22 நூல்கள் வழியாக இறையறிவில் நுழைகிறோம் என்பது இதன் உட்கருத்து.

இந்த எண்ணை வைத்து மிக நுட்பமாகக் கட்டியவர் ஜெரோம். 390களின் தொடக்கத்தில், பெத்லகேமில் இருந்துகொண்டு சாமுவேல், இராஜாக்கள் நூல்களை எபிரெயத்திலிருந்து இலத்தீனுக்குக் கொண்டுவந்தபோது அவற்றுக்கு ஒரு முன்னுரை எழுதினார். எபிரெயத்தில் ஐந்து எழுத்துகளுக்குச் சொல்லின் கடைசியில் வரும்போது வேறு வடிவம் உண்டு. அதுபோலவே, அவர் கணக்கில் ஐந்து நூல்கள் இரட்டையாக நிற்கின்றன: சாமுவேல், இராஜாக்கள், நாளாகமம், எஸ்றா, புலம்பலோடு சேர்ந்த எரேமியா. பிறகு மூன்று அடுக்குகள்: மோசேயின் சட்டம் 5, இறைவாக்கினர் 8, ஏனைய எழுத்துகள் 9. கூட்டினால் 22. ரூத்தையும் புலம்பலையும் தனியாக எண்ணி 24 என்று சொல்வோர் உண்டு என்பதையும் மறைக்காமல் சொல்லி, அந்த எண்ணை வெளிப்படுத்தின விசேஷத்தின் 24 மூப்பர்களோடு இணைத்தார். எந்தப் பக்கம் போனாலும் அவருக்கு ஒரு கணக்கு கையில் இருந்தது.

இந்த அடுக்கில் ஒன்றைக் கவனியுங்கள். தானியேல் இறைவாக்கினரோடு இல்லை. எபிரெய மரபின்படி மூன்றாம் அடுக்கில், யோபு, சங்கீதம் முதலியவற்றோடு நிற்கிறது. கிரேக்கப் பட்டியல்களோ தானியேலை இறைவாக்கினரோடு வைத்தன. நூலின் சொற்கள் மாறாமலேயே, அண்டை நூல் மாறியதால், ஒரு பட்டியலில் தானியேல் தீர்க்கதரிசி ஆகிறார். மற்றதில் ஞானியர் வரிசையில் அமர்கிறார்.

பழைய ஏற்பாட்டின் கடைசி நூல் எது?

நம் சபைகளில் அடிக்கடி கேட்கும் ஒரு பிரசங்கக் குறிப்பு உண்டு. பழைய ஏற்பாடு மல்கியாவில் முடிகிறது. எலியா வருவார் என்ற வாக்குறுதியோடு முடிகிறது. பக்கத்தைப் புரட்டினால் மத்தேயு, அடுத்து யோவான் ஸ்நானகன். இந்த அமைப்பே தெய்வச் செயல் என்பார்கள். கேட்க அழகான செய்திதான். பழைய பட்டியல்களை எடுத்துப் பார்ப்போம்.

மெலித்தோவின் பட்டியல் எஸ்றாவில் முடிகிறது. அத்தனாசியஸ் 367இல் எழுதிய 39ஆம் பாஸ்கா மடல் தானியேலில் முடிகிறது. சிரிலின் பட்டியலும் தானியேலிலேயே முடிகிறது. ஜெரோமின் எபிரெய அடுக்கு எஸ்தரில் முடிகிறது. கிறிஸ்தவக் கல்வி பற்றிய தம் நூலில் அகஸ்டின் தந்த பட்டியல் எசேக்கியேலில் முடிகிறது. ரூபினஸ் இறைவாக்கினரை முன்னே வைத்துச் சாலொமோனின் நூல்களில் முடித்தார். கையெழுத்துப் பிரதிகளுக்கு வந்தால், நான்காம் நூற்றாண்டைச் சேர்ந்த வத்திக்கான் பிரதி தானியேலில் முடிகிறது. அதே நூற்றாண்டின் சீனாய் பிரதி யோபுவில் முடிகிறது. ஐந்தாம் நூற்றாண்டின் அலெக்சாந்திரியப் பிரதி ஞான நூல்களைக் கடைசியில் வைத்துச் சீராக்கில் முடிகிறது. நான் சொன்ன ஒன்பதில் ஒன்றுகூட மல்கியாவில் முடியவில்லை.

இன்னும் ஒன்று. கிரேக்க மொழிபெயர்ப்பில் மல்கியா நூலின் கடைசி வாக்கியமே வேறு. எலியாவைப் பற்றிய பேச்சு முன்னே வந்துவிடுகிறது. மோசேயின் சட்டத்தை நினைவுகூரச் சொல்லும் கட்டளை இறுதியில் நிற்கிறது. கிரேக்கத்தில் படித்த தொடக்கத் திருச்சபைக்கு எலியாவோடு முடியும் மல்கியாவே பழக்கமில்லை. சிறிய இறைவாக்கினர் பன்னிருவரின் உள்வரிசையும் கிரேக்கத்தில் வேறு: ஓசியா, ஆமோஸ், மீகா, யோவேல், ஒபதியா, யோனா என்று போகும். எபிரெயரிடம் வரிசை வேறு என்று ஜெரோம் தம் முன்னுரையில் வாசகரை எச்சரித்துவிட்டே, எபிரெய வரிசையை ஏற்றுக்கொண்டார்.

அப்படியானால் மல்கியா கடைசிக்கு எப்படி வந்தார்? இலத்தீன் விவிலியங்களில் பெரிய இறைவாக்கினர் முன்னும் பன்னிருவர் பின்னுமாக நிற்கும் வழக்கம் நிலைபெற்றது. அங்கும் மல்கியாவுக்குப் பிறகு மக்கபேயர் நூல்கள் இருந்தன. 1592இல் உரோமையில் அச்சான அதிகாரபூர்வ இலத்தீன் பதிப்பிலும் அப்படியே. லூத்தர் 1534இல் வெளியிட்ட ஜெர்மன் விவிலியத்தில் மக்கபேயர் முதலியவற்றைப் பிரித்துத் தனிப்பகுதியாக இரு ஏற்பாடுகளுக்கும் இடையே வைத்தார். பின்னால் சீர்திருத்த சபைகளின் பல பதிப்புகள் அந்தத் தனிப்பகுதியையும் விட்டுவிட்டன. மல்கியாவும் மத்தேயுவும் அடுத்தடுத்து வந்தது அப்போதுதான். தமிழில் சீர்திருத்த சபைகள் வழங்கும் 66 நூல் விவிலியம் இந்த வரிசையைப் பெற்றுக்கொண்டது. 1995இல் வந்த பொது மொழிபெயர்ப்பைக் கையில் எடுப்பவர், இடையில் இணைத்திருமுறை நூல்களைத் தாண்டித்தான் மத்தேயுவை அடைய முடியும்.

நான்கு நற்செய்திகள்

நற்செய்திகள் நான்கு என்பதில் இரனேயஸ் உறுதியாக இருந்தார். 180 வாக்கில் அவர் எழுதிய நூலில் அதற்குக் காரணங்களை அடுக்குகிறார்: திசைகள் நான்கு, காற்றுகள் நான்கு, கேருபீன்களின் முகங்கள் நான்கு. ஆனால் அதே நூலில் ஓரிடத்தில் மத்தேயு, மாற்கு, லூக்கா, யோவான் என்று எழுதப்பட்ட கால வரிசையைச் சொல்லும் அவர், நான்கு உயிர்களோடு பொருத்தும் இடத்தில் யோவான், லூக்கா, மத்தேயு, மாற்கு என்று போகிறார். அவருக்குச் சிங்கம் யோவான், கழுகு மாற்கு. ஜெரோமுக்குச் சிங்கம் மாற்கு, கழுகு யோவான். அகஸ்டினுக்குச் சிங்கம் மத்தேயு. இன்று ஆலயச் சுவர்களில் நாம் பார்ப்பது ஜெரோமின் பங்கீடு.

மேற்கே பழைய இலத்தீன் பிரதிகள் பலவற்றில் வரிசை மத்தேயு, யோவான், லூக்கா, மாற்கு. கேம்பிரிட்ஜில் உள்ள பேசா பிரதியும், வாஷிங்டன் பிரதியும் இதே வரிசையில் செல்கின்றன. காரணம் தெளிவு: முதலில் இயேசுவின் சீடர்களான இருவர், அடுத்து, சீடர்களோடு பழகிய இருவர். சாட்சியின் தகுதியை வைத்து அடுக்கிய வரிசை இது. கிழக்கே ஒரிகன் கேட்டறிந்த மரபு, எழுதிய காலத்தை வைத்து அடுக்கியது.

383 வாக்கில் உரோமை ஆயர் தமாசுவின் வேண்டுகோளின்படி ஜெரோம் இலத்தீன் நற்செய்திகளைத் திருத்தினார். தமாசுவுக்கு எழுதிய முன்னுரையில் நான்கு பெயர்களையும் கிரேக்க வரிசையில் எழுதி, இதுவே வரிசை என்று குறித்தார். எல்லாருக்கும் தெரிந்த ஒன்றை ஒருவர் முன்னுரையில் எழுதுவதில்லை. தம் வாசகர்கள் கையில் வேறு வரிசை இருக்கிறது என்று தெரிந்தே அவர் எழுதினார்.

அதே முன்னுரையில் யூசேபியஸின் அட்டவணைகளையும் சேர்த்துக்கொண்டார். நான்கு நற்செய்திகளும் சிறு பகுதிகளாகப் பிரிக்கப்பட்டு எண் பெற்றிருந்தன: மத்தேயுவில் 355, மாற்கில் 233, லூக்காவில் 342, யோவானில் 232. யூசேபியஸ் இந்த எண்களைப் பத்து அட்டவணைகளில் அடுக்கினார். முதல் அட்டவணையில் நால்வரும் சொல்லும் செய்திகள். அடுத்த மூன்றில் மூவர் சொல்பவை. பிறகு இருவர் சொல்பவை. பத்தாவதில் ஒருவர் மட்டும் சொல்பவை. பக்க ஓரத்தில் பகுதி எண்ணும், அதன் கீழே அட்டவணை எண்ணும் இருக்கும். மாற்கைப் படிப்பவர் அதே செய்தி மத்தேயுவில் எங்கே இருக்கிறது என்று நொடியில் கண்டுகொள்வார். நான்கையும் வெட்டி ஒன்றாக ஒட்ட வேண்டியதில்லை. எது முன், எது பின் என்று வாதாட வேண்டியதுமில்லை. வரிசைச் சிக்கலுக்குத் தொடக்கத் திருச்சபை கண்ட தீர்வுகளில் என் மதிப்பில் இதுவே தலைசிறந்தது.

பவுலின் கடிதங்கள்

பவுலின் கடிதங்களை முதலில் ஒரு வரிசையில் தொகுத்தவர்களாக நமக்குப் பெயர் தெரிந்தவர்களில் மார்சியோன் முந்தியவர். கருங்கடற்கரைச் சினோப்பிலிருந்து உரோமைக்கு வந்து, 144 வாக்கில் அங்குள்ள திருச்சபையிலிருந்து பிரிந்தவர். அவர் தொகுப்பில் பத்துக் கடிதங்கள், கலாத்தியர் முதலில். யூதச் சட்டத்தைப் பழைய கடவுளின் சட்டம் என்று ஒதுக்கிய அவர் கொள்கைக்குக் கலாத்தியரைவிடப் பொருத்தமான நுழைவாயில் வேறில்லை. அவரை எதிர்த்து ஐந்து புத்தகங்கள் எழுதிய தெர்த்துல்லியன், ஐந்தாம் புத்தகத்தில் அந்த வரிசையிலேயே போய் ஒவ்வொரு கடிதத்தையும் எடுத்து மறுத்தார்.

பெருவழக்காகிவிட்ட வரிசையோ மிக எளிய கோலால் அளந்தது: நீளம். சபைகளுக்கு எழுதியவை ஒரு தொகுதி, தனி மனிதருக்கு எழுதியவை அடுத்த தொகுதி. ஒவ்வொன்றிலும் பெரியது முதலில், சிறியது கடைசியில். குறுந்தொகை, நற்றிணை, அகநானூறு என்று அடியளவால் பாட்டைப் பிரித்த மரபில் வந்த நமக்கு இந்த முறை விளங்கச் சிரமமில்லை. உரோமர் முதலில் நிற்பது அது மிக நீளமானது என்பதால். பவுல் முதலில் எழுதியது பெரும்பாலும் 1 தெசலோனிக்கேயர் என்பது இன்றைய ஆய்வாளர் பலரின் முடிவு. அது வரிசையில் எட்டாவதாக நிற்கிறது.

200 வாக்கில் எழுதப்பட்ட பப்பைரஸ் பிரதி ஒன்றை இங்கே அருகில் வைத்துப் பார்ப்போம். ஆய்வாளர்கள் பி46 என்று குறிக்கும் இதன் தாள்கள் டப்ளினிலும் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்திலும் உள்ளன. 52 தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி நடுவில் ஒரே மடிப்பாக மடித்து 104 ஏடுகளாக்கிய புத்தகம். 86 ஏடுகள் கிடைத்திருக்கின்றன. வரிசை இப்படி: உரோமர், எபிரெயர், 1, 2 கொரிந்தியர், எபேசியர், கலாத்தியர், பிலிப்பியர், கொலோசெயர், 1 தெசலோனிக்கேயர். எபேசியர் கலாத்தியரைவிடச் சற்று நீளம், ஆகவே முந்திக்கொண்டது. ஒரே மடிப்பில் கட்டிய புத்தகத்தில் ஒரு தொல்லை உண்டு. நடுப்பக்கம் தாண்டிய பிறகு இடம் போதுமா என்று தெரிந்தாலும் தாள் சேர்ப்பது எளிதல்ல. இந்த எழுத்தர் பின்பாதியில் எழுத்துகளை நெருக்குகிறார். பக்கத்துக்கு வரிகளைக் கூட்டுகிறார். முதல் ஏழு ஏடுகள் அழிந்ததால், மடிப்பின் மறுபாதியான கடைசி ஏழும் போய்விட்டன. அந்த ஏழில் 2 தெசலோனிக்கேயர் அடங்கும். தீமோத்தேயு, தீத்துக் கடிதங்கள் முழுவதும் அடங்கா என்பதே பொதுவான கணக்கு. அவர் அவற்றை வேண்டுமென்றே விட்டாரா, தாள் கணக்கில் தவறினாரா என்று இன்றும் விவாதம் நடக்கிறது.

இந்தப் பிரதியில் எபிரெயர் இரண்டாம் இடத்தில் நிற்பதைக் கண்டீர்கள். அத்தனாசியஸின் மடலில் அது 2 தெசலோனிக்கேயருக்கும் 1 தீமோத்தேயுவுக்கும் இடையில் வருகிறது. பிற்காலக் கிரேக்கப் பிரதிகளிலும் இலத்தீனிலும் பிலேமோனுக்குப் பின்னால் போய் நின்றுவிட்டது. எழுதியவர் யார் என்பதில் ஐயம் கூடக் கூட அது பின்னால் நகர்ந்தது எனலாம். யார் எழுதினார் என்பது கடவுளுக்கே வெளிச்சம் என்ற கருத்தை ஒரிகன் முன்பே சொல்லிவிட்டார்.

இந்த நகர்வின் தடம் வத்திக்கான் பிரதியின் ஓரத்தில் அப்படியே பதிந்திருக்கிறது. அதில் பவுலின் கடிதங்கள் அனைத்துக்கும் தொடர் எண்ணாக அதிகார எண்கள் போட்டிருக்கிறார்கள். கலாத்தியர் 58இல் முடிகிறது. அடுத்துவரும் எபேசியர் 59இல் தொடங்க வேண்டும், 70இல் தொடங்குகிறது. விட்டுப்போன 59 எங்கே? பல பக்கம் தள்ளி, 2 தெசலோனிக்கேயருக்குப் பின்னால் நிற்கும் எபிரெயரில் இருக்கிறது. எழுத்தர் பார்த்து எழுதிய மூலத்திலோ, அதற்கும் முந்திய ஒன்றிலோ, எபிரெயர் கலாத்தியருக்கு அடுத்து இருந்திருக்கிறது. நூலை இடம் மாற்றியவர்கள் பழைய எண்களை மாற்றவில்லை.

பொதுக் கடிதங்கள்

யாக்கோபு, பேதுரு, யோவான், யூதா கடிதங்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். கிரேக்க வரிசையின் முதல் மூன்று பெயர்களும் கலாத்தியர் இரண்டாம் அதிகாரத்தில் பவுல் திருச்சபையின் தூண்கள் என்று சொன்ன மூவரின் வரிசையிலேயே நிற்கின்றன. மேற்கே பேதுருவுக்கு முதலிடம் தந்த பட்டியல்கள் இருந்தன. அகஸ்டினின் பட்டியல் அவற்றில் ஒன்று. இக்கடிதங்கள் எங்கே நிற்பது என்பதிலும் இருவழி உண்டு. அத்தனாசியஸின் மடலிலும் வத்திக்கான், அலெக்சாந்திரியப் பிரதிகளிலும் இவை அப்போஸ்தலர் நடபடிகளை அடுத்து, பவுலுக்கு முன்னால் வருகின்றன. இரஷ்ய விவிலியத்தில் இன்றும் அப்படித்தான். நம் வரிசையிலோ நடபடிகள் நூல் பவுலை உரோமையில் கொண்டுபோய் நிறுத்துகிறது. அடுத்த பக்கத்தில் உரோமருக்கு எழுதிய கடிதம் தொடங்குகிறது. நடபடிகளைப் பவுலின் வரலாறாகவே நாம் படித்துப் பழகியதற்கு இந்த அண்டை வீடும் ஒரு காரணம். நடபடிகளை முடித்ததும் யாக்கோபைத் திறக்கும் இரஷ்ய வாசகருக்கு முதலில் கேட்கும் குரல் எருசலேமின் குரல்.

முடிவாக

ஆறாம் நூற்றாண்டில் தென் இத்தாலியில் தாம் நிறுவிய மடத்தின் துறவிகளுக்காகக் காசியோடோரஸ் ஒரு பாடத்திட்ட நூல் எழுதினார். விவிலிய நூல்களின் பகுப்பைச் சொல்ல வந்த இடத்தில் மூன்று பட்டியல்கள் தந்தார்: ஜெரோமின்படி ஒன்று, அகஸ்டின்படி ஒன்று, பழைய கிரேக்க மரபின்படி ஒன்று. மூன்றையும் அடுத்தடுத்து வைத்தார். இதுதான் சரி என்று ஒன்றைப் பிடித்துக்கொண்டு மற்றவற்றைத் தள்ளவில்லை. இங்கிலாந்தின் வடபகுதி மடத்தில் எழுதப்பட்டு, 716இல் உரோமைக்குக் காணிக்கையாகப் புறப்பட்டு, இன்று புளோரன்ஸில் இருக்கும் அமியாத்தினுஸ் பிரதியின் முன்பக்கங்களிலும் இப்படி மூன்று பகுப்புகள் வரைபடங்களாக நிற்கின்றன.

இந்த அறிஞர்கள் அக்கறையற்றவர்கள் அல்லர். கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது என்று எண்ணிக்கையைப் பற்றி அத்தனாசியஸ் எழுதிய குரல் கண்டிப்பானது. அதே கண்டிப்பை அவர்கள் வரிசையில் காட்டவில்லை. நீளம், காலம், எழுதியவரின் தகுதி, பெறுபவர் யார், எண்ணின் பொருள் என்று ஒவ்வொருவரும் ஒரு கோலை எடுத்தார்கள். எந்தக் கோல் என்பதையும் பெரும்பாலும் மறைக்கவில்லை. வரிசையை வேதத்தின் அதிகாரத்துக்கு உயர்த்தியது அச்சுப் புத்தகம் தந்த பழக்கம்.

மாணவ நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். விவிலியத்தின் பொருளடக்கப் பக்கத்தை ஓர் உரையாசிரியரின் கருத்தாகப் படியுங்கள். பவுலை ஒருமுறை 1 தெசலோனிக்கேயரில் தொடங்கிப் படித்துப் பாருங்கள். நடபடிகளுக்குப் பிறகு யாக்கோபைப் படித்துப் பாருங்கள். எந்த வரிசையில் படித்தாலும் சொற்கள் அவையே; உங்களுக்கு எழும் கேள்விகள் வேறாக இருக்கும். அந்தக் கேள்விகளை எழுதிவையுங்கள். தமிழில் இத்துறையில் செய்ய வேண்டிய ஆய்வு நிறைய இருக்கிறது.